தலைக்கணக்கும் தண்ணீர்க் கணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கின் 150 ஆண்டுகள்

தேனியில் குமுளி பஸ் ஏறி உட்கார்ந்தால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று வரிசையாக ஊர்கள் வரும். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பச்சைதான். நெல் வயல், வாழைத் தோப்பு, தென்னை, திராட்சைப் பந்தல். இந்தப் பச்சையைப் பார்ப்பவர்கள் "இங்கே தண்ணீருக்கு என்ன குறை?" என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் அதே ஊர்களின் டீக்கடைகளில் உட்கார்ந்தால் வேறு பேச்சு காதில் விழும். "ஜனம் பெருத்துப் போச்சு, தண்ணி எப்படிப் பத்தும்?" என்பதே அது. ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த விளக்கம் கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. குடும்பத்தில் சாப்பிடுகிறவர்கள் கூடினால் பானையில் சோறு குறையும், நாட்டில் ஆட்கள் கூடினால் ஆற்றில் தண்ணீர் குறையும். இதில் தவறு என்ன?

முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிக் கணக்குதான். வரவு, செலவு என்று இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு முடியும். கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த 150 ஆண்டு வரலாற்றை அப்படி எழுதிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரை.

தாது வருடப் பஞ்சமும் மால்தஸ் பாடமும்

கணக்கை 1876இல் இருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று தென்னிந்தியாவின் பெரும்பகுதி பஞ்சத்தில் விழுந்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். அதனால்தான் கிராமங்களில் இன்றும் அதைத் தாது வருடப் பஞ்சம் என்கிறார்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சம் முதல் 80 லட்சத்துக்கும் மேல் என்று வெவ்வேறு மதிப்பீடுகள் உள்ளன.

அன்றைய மதுரை மாவட்டத்துக்குள்தான் இன்றைய தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள் எல்லாம் அடக்கம். 1871இல் நடந்த கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் மக்கள் தொகை 22 லட்சத்து 66 ஆயிரம். 1881இல் அது 21 லட்சத்து 68 ஆயிரம். பத்து ஆண்டில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை, கூடாமல் போனது மட்டுமல்ல, சுமார் 98 ஆயிரம் குறைந்தும் போனது. செத்தவர்கள் போக, பிழைப்புத் தேடி இலங்கைக்கும் பிற இடங்களுக்கும் போனவர்களும் இந்தக் குறைவில் இருக்கிறார்கள்.

இவ்வளவு பேர் ஏன் செத்தார்கள்? அன்று வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு 1877இல் ஒரு விளக்கம் சொன்னார். இந்தியாவின் மக்கள் தொகை, நிலம் தரும் உணவைவிட வேகமாகப் பெருகும் இயல்புடையது என்பதே அதன் சாரம். டீக்கடைப் பேச்சின் அதே வாதம்தான்!

இந்த வாதத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1798இல் மக்கள் தொகை பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மக்கள் தொகை பெருக்கல் வரிசையில் (1, 2, 4, 8...) கூடும், உணவு உற்பத்தி கூட்டல் வரிசையில் (1, 2, 3, 4...) மட்டுமே கூடும், மிஞ்சுகிறவர்களைப் பஞ்சமும் நோயும் போரும் கழித்துவிடும் என்றார். பொருளாதாரம் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. ஆனால் மால்தஸ் எங்கே வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவை ஆள அதிகாரிகளைத் தயார் செய்வதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் ஒரு கல்லூரி நடத்தியது. 1805 முதல் 1834இல் இறக்கும் வரை மால்தஸ் அங்கேதான் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார்.

தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு லிட்டன் அனுப்பி வைத்த ரிச்சர்ட் டெம்பிள் அதே கல்லூரியில் படித்தவர்தான். மால்தஸ் காலத்துக்குப் பிறகு படித்தவர். இவர் 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வாங்கி இறக்கி மக்களைக் காப்பாற்றினார். அதற்குப் பரிசாக, "அரசுப் பணத்தை வீணடித்தவர்" என்ற கெட்ட பெயர்தான் கிடைத்தது. அந்தப் பெயரைத் துடைக்க நினைத்தாரோ என்னவோ, சென்னை மாகாணத்தில் நேர் எதிராக நடந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஒரு அணாவும் மட்டுமே என்று நிர்ணயித்தார். நாள் முழுவதும் கல் உடைத்து மண் சுமப்பவருக்கு இதுதான்! 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

இதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ். இந்த அளவு உணவில் உழைக்கிறவன் உயிர் தரிக்க முடியாது என்று மருத்துவக் கணக்கோடு வாதாடினார். இவர் யார் தெரியுமா? 1871இல் சென்னை மாகாணத்தில் நடந்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இவரேதான். தலைகளை எண்ணி முடித்த மனிதர், "தலைகள் அதிகம், அதனால் சாகிறார்கள்" என்று சொல்லவில்லை. "கொடுப்பது குறைவு, அதனால் சாகிறார்கள்" என்றார்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. விலை எங்கே அதிகமோ அங்கேதான் ரயில் மூட்டைகளைக் கொண்டு போனது. கையில் காசு இல்லாதவனுக்குச் சந்தையில் தானியம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

மேற்கே போன ஆறு

பஞ்சம் முடிந்ததும் அரசு ஒரு பஞ்சக் கமிஷன் அமைத்தது. 1880இல் வந்த அதன் அறிக்கை பாசனத்துக்கும் ரயில் பாதைக்கும் முக்கியத்துவம் கொடுத்தது. அதன் பிறகுதான் நீண்ட காலம் தூசி படிந்து கிடந்த ஒரு திட்டம் மறுபடி மேசைக்கு வந்தது. அதுதான் பெரியாறு திட்டம்.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும். கிழக்குப் பக்கம் மதுரையும் ராமநாதபுரமும் மழை மறைவில் காயும். பெரியாறு மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிறது. அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்டால்? இந்த யோசனை ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. 1789இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1808இல் ஆய்வு செய்த காப்டன் கால்டுவெல் இது நடக்காத கனவு என்று எழுதிவிட்டார். 1850இல் ஒரு சிறு முயற்சி தொடங்கி நின்று போனது. 1860களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தயாரித்தார். கடைசியில் 1882இல் அந்தப் பொறுப்பு ஜான் பென்னிகுயிக் கைக்கு வந்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 ஆண்டு குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. யானைக் காடு, ஓயாத மழை, கட்டக் கட்ட அடித்துக்கொண்டு போன வெள்ளம், எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியா. நோயால் மட்டும் 483 தொழிலாளர்கள் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் கலந்த சுர்க்கிக் கலவையில் கட்டப்பட்ட அணை 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் படம் மாட்டாத வீடு குறைவு. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்ட அவரது மணிமண்டபம் இருக்கிறது. அந்த நன்றிக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கணக்குப் புத்தகத்தில் இந்த இடத்தை அடிக்கோடிட வேண்டும். பஞ்சத்தில் மதுரை மாவட்டத்தின் தலைகள் குறைந்தன. ஆனால் அதனால் எஞ்சியவர்கள் செழித்துவிடவில்லை. அணைக்குப் பிறகு தலைகள் கூடின. 1901இல் அதே மாவட்டத்தில் 28 லட்சம் பேர். கூடுதல் ஆட்களுக்கும் சோறு கிடைத்தது. மால்தஸ் சொன்ன கூட்டல் வரிசையை ஒரு சுரங்கம் உடைத்துவிட்டது!

பெருகிய பங்காளிகள்

ஆனால் மால்தஸ் தோற்றார் என்று இத்தோடு முடித்துவிட்டால் அதுவும் பாதிக் கணக்காகிவிடும். பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

பெரியாறு அணை முதலில் திட்டமிடப்பட்டது கம்பத்துக்காக அல்ல. தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகக் கீழே போய், வைகையில் பேரணை என்ற இடத்தில் பிரிந்து, மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாய வேண்டும் என்பதே திட்டம். கம்பம் பள்ளத்தாக்கு அந்தப் பாதையில் இருந்தது. சுருளியாற்றுப் பாசனம் இங்கே முன்பே இருந்தது. பெரியாற்று நீரும் சேர்ந்ததும் மழையை மட்டும் நம்பியிருந்த நிலை மாறி, இரண்டு போகம் உறுதியானது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இருக்கின்றன. அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் 1 அன்று மதகு திறப்பார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பங்காளிகள் சேர்ந்தார்கள். 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் மின் உற்பத்தி நிலையம் வந்தது. 1959இல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. 71 அடி தேக்கும் அந்த அணைதான் மதுரையின் குடிநீருக்கும் ஆதாரம். உத்தமபாளையம், போடி பக்கத்துக் கண்மாய்களை நிரப்ப 18ஆம் கால்வாய் வந்தது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று இன்று 5 மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்கும் மேல் இந்த ஒரே தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிறது.

மதுரை நகரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1901இல் அதன் மக்கள் தொகை சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம். 2011இல் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்து 17 ஆயிரம். ஏறக்குறைய பத்து மடங்கு. சுரங்கமோ அதே சுரங்கம், ஆறும் அதே ஆறு.

நாடு முழுவதும் இதே கதைதான். 1951இல் இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய நீர் சுமார் 5,177 கன மீட்டர் என்றும், 2011இல் அது 1,545 கன மீட்டர் என்றும் அரசுக் கணக்கு சொல்கிறது. மழை குறைந்ததால் வந்த சரிவு அல்ல இது. மேலே உள்ள எண் ஏறக்குறைய மாறாமல் இருக்க, வகுக்கும் எண் 36 கோடியிலிருந்து 121 கோடியாகிவிட்டது. ஆக, தலைக்கணக்கு பொருட்டே இல்லை என்று சொல்பவர்களும் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

152, 136, 142

பங்காளிகள் பெருகிய நேரத்தில் பானை சிறுத்துப் போனது. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்தப் பயம் இங்கேயும் பரவியது. முல்லைப் பெரியாறு அணையின் கீழ்ப்பகுதியில் உள்ள கேரள மக்கள் அச்சமடைந்தனர். 152 அடி வரை தேக்கிய நீர்மட்டம் அதே ஆண்டு 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கத்துக்குள் ஏறாது. ஆகவே 152 அடி என்றால் பயன்படுவது 48 அடி உயரத் தண்ணீர். 136 என்றால் 32 அடி மட்டுமே. அதிலும் அணையின் வாய் மேலே போகப் போக அகலும். எனவே இழந்த அந்த 16 அடியில்தான் தண்ணீர் அதிகம்.

2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிதான் என்று சட்டம் இயற்றியது. 2011 டிசம்பரில் பிரச்சினை உச்சத்துக்குப் போனது. கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை மூடியது. தினமும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் கூலிப் பெண்களுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. கேரளத் தோட்டங்களிலேயே தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்து ஊர் திரும்பினார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கேரளச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களில் வசிப்பவர்களின் பயத்தையும் எள்ளி நகையாட முடியாது. அங்கேயுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பலர் தமிழர்கள்தான் என்பதை இரண்டு பக்கமும் கோஷம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தொட்டில் குறைந்தது, தேவை குறையவில்லை

இனி கதையின் முக்கியமான திருப்பம். "ஜனம் பெருத்துப் போச்சு" என்ற பேச்சு உண்மையானால், பிறப்பைக் குறைத்தால் தட்டுப்பாடு குறைய வேண்டும் அல்லவா?

உலகிலேயே முதலில் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டுவந்த நாடு இந்தியா. ஆண்டு 1952. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பல இடங்களில் வற்புறுத்தி, ஏழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செய்யப்பட்டவை. அதற்கு வடமாநில மக்கள் 1977 தேர்தலில் பதில் சொன்னார்கள்.

தமிழ்நாடு போன பாதையில் வேறு விஷயங்களே பெரிதாக நின்றன. பள்ளிக்கூடம், மதிய உணவு, ஆரம்ப சுகாதார நிலையம், பெண்களின் திருமண வயது உயர்ந்தது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை. இவைதான் குடும்பத்தைச் சிறிதாக்கின. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் மக்கள் தொகை நாளடைவில் நிலையாக நிற்கும் என்பது கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 1.8. தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. 2001இல் அதன் மக்கள் தொகை 10 லட்சத்து 94 ஆயிரம். 2011இல் 12 லட்சத்து 46 ஆயிரம். பத்து ஆண்டில் 14 சதவீதத்துக்கும் குறைவான வளர்ச்சி. மால்தஸின் பெருக்கல் வரிசையை இந்த ஊர்ப் பெண்கள் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள் எனலாம்.

அப்படியானால் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்ததா? இல்லை. கூடியிருக்கிறது!

தண்ணீரைக் குடிப்பது யார்?

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குளிப்பதற்கும் ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது லிட்டர் போதும். ஆனால் ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் தேவை. ஆகவே தலைகளை எண்ணுவதைவிட, நிலத்தில் என்ன விளைகிறது, எப்படிப் பாய்ச்சப்படுகிறது, விளைந்தது எங்கே போகிறது என்பதை எண்ணுவதுதான் தண்ணீர்க் கணக்கு.

மோட்டார் பம்ப்செட் வந்த பிறகு பள்ளத்தாக்கின் முகமே மாறியது. கமலை கட்டி மாடு இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டார் களைப்பதில்லை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும் மின் கட்டணம் என்ற கடிவாளமும் போனது. சிறு விவசாயிக்கு அது உயிர் காத்த சலுகை, சந்தேகமில்லை. ஆனால் விலை இல்லாத பொருளுக்குத் தேவை எல்லை இல்லாமல் வளரும் என்பது வணிகவியல் முதல் பாடம். ஆற்றோரத்தில் சிறு துண்டு நிலம் வாங்கி, அதில் கிணறு தோண்டி, குழாய் பதித்து, தொலைவில் மலையடிவாரத்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டு போவது இங்கே பழக்கமானது. அந்தக் கிணற்றில் ஊறுவது ஆற்றுத் தண்ணீர்தான். மதகு வழியாக முறை வைத்துப் பாய்ச்சும் கடைமடைக்காரர், தன் முறை வரும்போது வாய்க்காலில் ஈரம் மட்டும் பார்க்கிறார்.

கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் திராட்சை பறிக்கலாம். பெருமைதான். வாழையும் தென்னையும் திராட்சையும் லாரியில் ஏறி வெளியூர் போகும்போது, பள்ளத்தாக்கின் தண்ணீரும் கூடவே போகிறது. உள்ளூர் ஜனத்தொகை எவ்வளவு குறைந்தாலும் சென்னையிலும் கொச்சியிலும் பழம் சாப்பிடுகிறவர் எண்ணிக்கை கூடினால் இங்கே கிணறு இன்னும் ஆழமாகும்.

லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நேரடியாகக் குழாயில் தினமும் 12.5 கோடி லிட்டர் குடிநீர் கொண்டு போகும் திட்டம் வந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் ஓடி வந்தால் வழியில் உள்ள கிணறுகள் ஊறும், குழாயில் போனால் ஆறு செத்துவிடும் என்பது அவர்கள் வாதம். மதுரைக்காரருக்கோ வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவேண்டும். அணையே மதுரைக்காகத்தானே கட்டப்பட்டது என்று அவர் கேட்டால் அதிலும் உண்மை இருக்கிறது. இருவருமே தவறு செய்தவர்கள் அல்லர். கணக்கில் ஒரே வரவை இரண்டு செலவுகளுக்கு எழுதியதுதான் தவறு.

மறந்துபோன சொந்த ஆறு

இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்த ஒன்று உண்டு. வைகைக்குச் சொந்தமாக ஒரு பிறப்பிடம் இருக்கிறது. வருசநாடு, மேகமலைக் காடுகள்தான் அது. பெரியாற்றுத் தண்ணீர் வரும் முன்பே மதுரைக்கு வைகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மலைகளில் காடு அழிந்து தேயிலை, ஏலம், காப்பித் தோட்டங்கள் வந்தன. வருசநாட்டுப் பக்கம் பிழைக்க வழியில்லாமல் ஏறிய ஏழைகள் காட்டைத் திருத்தி இலவம் பஞ்சும் பிற பயிர்களும் வைத்தார்கள். பெய்யும் மழையை இலைச் சருகும் வேரும் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதுதான் காட்டின் வேலை. காடு போனால் மழை பெய்த அன்று வெள்ளம், மறு வாரம் மணல். அடித்து வரும் மண் வைகை அணையில் படிந்து கொள்ளளவையும் குறைத்தது.

மேகமலை வன உயிரினச் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலியைக் காப்பாற்றினால் காடு பிழைக்கும், காடு பிழைத்தால் வைகை பிழைக்கும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். ஆனால் அங்கே இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் "நாங்கள் எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். பெரிய எஸ்டேட்டும் காட்டைத் தின்றது, ஏழையின் குடிசையும் தின்றது. வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் எப்போதும் குடிசைக்கே முதலில் வருகிறது. 1877இல் "ஆட்கள் அதிகம்" என்று சொல்லிக் கூலியைக் குறைத்ததும் ஏழைக்குத்தான் என்பது நினைவுக்கு வராமல் இல்லை.

கணக்கு முடிப்பு

150 ஆண்டுக் கணக்கை இப்போது கூட்டிப் பார்க்கலாம்.

தலைகள் குறைந்த காலத்தில் இந்த மண்ணில் பஞ்சம் இருந்தது. தலைகள் கூடிய காலத்தில் பச்சை இருந்தது. தலைகள் கூடுவது ஏறக்குறைய நிற்கப் போகும் இந்தக் காலத்தில் தட்டுப்பாடு வளர்கிறது. மூன்றையும் ஒரே காரணத்தால் விளக்க முடியாது. மக்கள் தொகை என்பது வகுக்கும் எண்களில் ஒன்று. அதோடு ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கிறார், எவ்வளவு வீணாகிறது, யாருக்கு முதலில் கிடைக்கிறது என்ற எண்களும் சேர்ந்துதான் விடை வரும்.

"ஜனம் பெருத்துப் போச்சு" என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அப்படிச் சொல்லும்போது சொல்பவர் தன்னை அந்த ஜனத்தில் சேர்ப்பதில்லை. பெருத்துப் போனது எப்போதும் அடுத்தவர்தான்! லிட்டன் பிரபுவும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

2021இல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போய் 2027இல் நடக்க இருக்கிறது. வீடு வீடாக வந்து தலைகளை எண்ணுவார்கள். நல்லதுதான், எண்ணட்டும். அதே அக்கறையோடு கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை கிணறு, எத்தனை மோட்டார், எத்தனை கிலோமீட்டர் குழாய், கடைமடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்றும் எண்ணி, அந்தப் பட்டியலை ஊர்ச் சாவடியில் எல்லோரும் பார்க்க ஒட்டினால் பாதிச் சண்டை குறையும். 1895இல் மலைக்கு அப்பால் இன்னொரு ஆறு இருந்தது, திருப்பிக் கொண்டு வந்தார்கள். இனித் திருப்புவதற்கு மலைக்கு அப்பால் வேறு ஆறு இல்லை. இருக்கும் ஆற்றின் கணக்கைத்தான் நேராக எழுத வேண்டும்.